காத்தலும் காத்திருத்தலும்



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு பொருளை முன்வரிசை நண்பரிடம் கொடுக்கிறேன். கையில் வாங்கி, எடை பார்த்து, அடுத்தவரிடம் தாருங்கள். அவசரம் வேண்டாம். நான் பேசி முடிப்பதற்குள் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

கறுப்பு ரப்பர் வில்லை. விட்டம் மூன்று அங்குலம், கனம் ஓர் அங்குலம், எடை 156 முதல் 170 கிராம் வரை. கிரிக்கெட் பந்து பிடித்துப் பழகிய கைகளுக்கு இந்த எடை புதிதாகத் தோன்றாது. ஐஸ் ஹாக்கியில் இதைப் 'பக்' என்பார்கள். ஆட்டத்துக்கு முன் இதைக் குளிர்பெட்டியில் வைத்து உறைய விடுவார்கள். ரப்பர் இளகியிருந்தால் துள்ளும். உறைந்துவிட்டால் பனித்தரையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு ஓடும். உங்கள் கைச்சூட்டில் அது கொஞ்சம் மென்மையாகத் தெரியலாம். ஆட்டத்தில் அது கல். தேர்ந்த ஆட்டக்காரர் ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டி வரும். ஆறடி அகலம், நான்கடி உயரமுள்ள வலைக்கு முன்னால் நின்று, அதை உடம்பில் எங்கேயாவது வாங்கிக்கொள்வதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்த விளையாட்டை நான் முதலில் நேரில் பார்த்தது அமெரிக்காவின் வடகிழக்கில், ஒரு குளிர்காலத்தில், மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது. மருமகன் டிக்கெட் வாங்கி வந்தார். பெரிய அணிகளின் ஆட்டம் அல்ல, மைனர் லீக். எங்கள் இருக்கை கோல் வலைக்கு நேர் பின்னால், கண்ணாடிச் சுவரை ஒட்டி. ஆட்டம் தொடங்க இன்னும் சில நிமிடங்கள். கோல்கீப்பர் வந்து வலைக்கு முன்னுள்ள நீலப் பரப்பில் நின்றார். சறுக்குக் காலணியின் விளிம்பால் பனியைச் சுரண்ட ஆரம்பித்தார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், பாத்தி பிடிக்கிற விவசாயி மாதிரி ஓர் அங்குலம் விடாமல். வழவழப்பான பனியில் கால் ஊன்றாது. கீறல் விழுந்தால்தான் பிடிப்புக் கிடைக்கும். சுரண்டி முடித்ததும் மட்டையால் இடப்பக்கக் கம்பத்தில் ஒரு தட்டு, வலப்பக்கக் கம்பத்தில் ஒரு தட்டு. திரும்பிப் பார்க்காமலே வலை தன் முதுகுக்குப் பின்னால் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குச் சொல்லி வைக்கிறார். அந்த 'டங்' என்ற ஓசை கண்ணாடியைத் தாண்டி என் காதில் விழுந்தது.

ஆனால் அன்று என் கண் மறுபடி மறுபடி போனது இன்னொருவர் மேல். அணியினர் உட்காரும் நீள்பலகையின் கோடியில் ஒருவர் இருந்தார். அதே பெரிய கால்காப்புகள், அதே மார்புக் கவசம், தலையில் மட்டும் ஒரு சாதாரணத் தொப்பி. ஆட்டக்காரர்கள் மூச்சிரைக்க வரும்போதெல்லாம் அவர் கதவைத் திறந்தார். அவர்கள் உள்ளே வந்ததும் மூடினார். முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறுவார்கள். இரவு முழுக்கத் திறந்தார், மூடினார்.

"அவர் யார்?" என்று கேட்டேன்.

"அவரும் கோல்கீப்பர்தான் மாமா. ரெண்டாவது ஆள்."

"இன்னைக்கு ஆடுவாரா?"

"முதல் ஆளுக்கு ஏதாவது ஆனா ஆடுவார்."

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கதவுக்காரர் மனதை விட்டுப் போகவில்லை. காத்தல் என்ற நம் சொல்லுக்குக் காவல் செய்வது என்றும் பொருள், எதிர்பார்த்திருப்பது என்றும் பொருள். வலையைக் காக்கிறவருக்கு இந்த இரண்டும் ஒரே தொழிலின் இரு பாதிகள். இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணியில் இருபது பேர் தயாராகிறார்கள். பதினெட்டுப் பேர் ஓடியாடுகிறவர்கள், இருவர் கோல்கீப்பர்கள். அந்தப் பதினெட்டில் கடைசி ஆளும் ஓர் இரவில் சில நிமிடங்களாவது பனியில் இறங்குவார். ஒரு கோல் அடித்தால் பயிற்சியாளர் கண்ணில் படுவார். கோல்கீப்பருக்கு அந்த வாய்ப்பே இல்லை. அறுபது நிமிடமும் ஒருவர் நிற்பார், மற்றவர் உட்கார்ந்திருப்பார். என்.எச்.எல். என்கிற உச்ச லீகில் இன்று 32 அணிகள். ஆக, மொத்தம் 64 இடம். அதற்குக் கீழே ஏ.எச்.எல்., அதற்கும் கீழே இ.சி.எச்.எல். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட ஆடவர் அணிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கோல்கீப்பர்கள். கனடாவின் ஜூனியர் லீகுகள், பின்லாந்து, ஸ்வீடன், ரஷ்யா, செக் நாடு என்று இன்னும் எத்தனையோ வாசல்களிலிருந்து அதே 64 நாற்காலிகளுக்கு ஆள் வருகிறார்கள்.

இந்த நெரிசலில் நின்றவர்களில் ஒருவர் டிம் தாமஸ்.

1974 ஏப்ரல் 15 அன்று மிஷிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் பிறந்தவர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பிறந்த ஊர் அது. கார்த் தொழிலோடு ஏறி, கார்த் தொழிலோடு இறங்கிய ஊர். ஐஸ் ஹாக்கி காசு கேட்கிற விளையாட்டு. அதிலும் கோல்கீப்பரின் கவசங்கள் ஒரு சாதாரணக் குடும்பத்தின் கையைக் கடிப்பவை. ஒரு கோல்கீப்பர் பயிற்சி முகாமுக்கு மகனை அனுப்ப, அவருடைய பெற்றோர் தங்கள் திருமண மோதிரங்களை விற்றார்கள். அம்மாவின் வளையல் கல்லூரிக் கட்டணமாக மாறிய வீடுகளிலிருந்து வந்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். அந்த வீட்டில் மகன் எப்படிப்பட்ட கடனோடு வளர்வான் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, 1980 பிப்ரவரி 22 அன்று, லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கல்லூரி இளைஞர்களின் அணி சோவியத் ஒன்றியத்தை 4-3 என்று வீழ்த்தியது. வலையில் நின்றவர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜிம் கிரெய்க். அன்று 36 தடுப்புகள். இரண்டு நாள் கழித்துப் பின்லாந்தையும் வென்று தங்கம் கிடைத்தபோது, தோளில் தேசியக் கொடியைப் போர்த்தியபடி பனி நடுவே நின்று, பார்வையாளர் கூட்டத்தில் தன் தந்தையைத் தேடினார் கிரெய்க். தாயார் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். கொடி போர்த்திய மகன் அப்பாவைத் தேடும் அந்தக் காட்சியை அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. அதைப் பார்த்துக் கோல்கீப்பராக ஆசைப்பட்ட சிறுவர்களில் தாமஸும் ஒருவர்.

கிரெய்க்கின் பிற்கால வாழ்க்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தங்கப் பதக்கத்துக்குப் பிறகு என்.எச்.எல்.லில் அவருக்குக் கிடைத்தவை மொத்தம் 30 ஆட்டங்கள். மிச்சமெல்லாம் சிறிய லீகுகள். சோவியத் அணியைத் தடுத்து நிறுத்திய மனிதருக்கே அந்த நாற்காலி நிலைக்கவில்லை.

தாமஸ் 1993இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பர்லிங்டன் என்கிற ஏரிக்கரை ஊர். பெரிய ஹாக்கிப் பெயர் இல்லாத கல்லூரி. அவரோடு அதே ஆண்டு சேர்ந்தவர்களில் இருவர் கியூபெக்கிலிருந்து வந்த குள்ளமான இளைஞர்கள்: மார்டின் சான் லூயி, எரிக் பெரான். உயரம் போதாது என்று பெரிய அணிகள் ஒதுக்கியவர்கள். ஒதுக்கப்பட்ட இந்த மூவரும் சேர்ந்து 1996இல் வெர்மான்டைக் கல்லூரி வாகைப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் கொண்டுபோனார்கள். அரையிறுதியில் கொலராடோ கல்லூரியிடம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் 3-4 என்று தோற்றார்கள். கல்லூரிப் பருவத்தில் தாமஸ் எட்டிய உயரம் அதுதான்.

இதற்கிடையே, இளம் ஆட்டக்காரர்களை என்.எச்.எல். அணிகள் ஆண்டுதோறும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஆள்தேர்வில், 1994இல், கியூபெக் நோர்டீக்ஸ் அணி அவர் பெயரை எடுத்திருந்தது. 217ஆவது ஆளாக. அந்த எண்ணில் எடுக்கப்படுகிறவர்களுக்கு யாரும் வாக்குறுதி தருவதில்லை. அடுத்த ஆண்டே அந்த அணி கியூபெக்கை விட்டு டென்வருக்குக் குடிபெயர்ந்து கொலராடோ அவலாஞ்ச் ஆனது. 1995 டிசம்பரில் அது பாட்ரிக் ருவாவை வாங்கியது. அந்தத் தலைமுறையின் தலைசிறந்த கோல்கீப்பர் ருவா. அடுத்த கோடையில் அவரோடு அந்த அணி என்.எச்.எல். வாகையருக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது. கல்லூரி விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸின் வரிசை எண் அவருக்குத் தெரியாமலே இன்னும் பின்னால் போனது. அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. முன்னால் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

காத்திருப்பு எல்லோருக்கும் ஒரே நீளமாக அமைவதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 76 வெற்றி, 4 தோல்வி, ஒரு சமன் என்று ஆடிய கென் டிரைடன், மாண்ட்ரியால் அணியின் கிளையான மைனர் லீக் அணியில் ஒரு பருவம்கூட முழுதாகக் கழிக்கவில்லை. 1971 வசந்தத்தில் மேலே கூப்பிட்டார்கள். ஆறே ஆறு ஆட்டம் ஆடிய அனுபவத்தோடு கோப்பைச் சுற்றில் இறக்கினார்கள். கோப்பையும் வந்தது, சிறந்த ஆட்டக்காரர் விருதும் வந்தது. மறுமுனையில் ஸ்காட் ஃபாஸ்டர். வெஸ்டர்ன் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் கோல்கீப்பராக இருந்து, படிப்பு முடிந்ததும் கணக்காளராகி, வார இரவுகளில் பொழுதுபோக்குக்கு ஆடிக்கொண்டிருந்தவர். 2018 மார்ச் 29 அன்று சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணிக்கு அவசரக் காப்பாளராகப் பெயர் கொடுத்திருந்தார். ஒரு கோல்கீப்பருக்கு ஆட்டத்துக்கு முன்பே அடிபட்டது. மற்றவருக்கு மூன்றாம் பகுதியில் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 36 வயதுக் கணக்காளர் இறங்கி 14 நிமிடம் நின்றார். வின்னிபெக் அணி அடித்த ஏழு அடிகளையும் தடுத்தார். சம்பளம் கிடையாது. மறுநாள் பழைய வாழ்க்கை. அந்த 14 நிமிடத்தைப் பலர் வேடிக்கைச் செய்தியாகப் படித்தார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. கல்லூரியை விட்டுப் பன்னிரண்டு ஆண்டு ஆன பிறகும் அந்தக் கைகள் தொழிலை மறக்கவில்லை என்றால், அவர் எத்தனை இரவு யாரும் பார்க்காத அரங்குகளில் அந்தக் கைகளைப் பழக்கத்தில் வைத்திருக்க வேண்டும்!

அந்த வில்லை மூன்றாம் வரிசைக்குப் போய்விட்டது என்று தெரிகிறது. நல்லது.

1997இல் தாமஸ் கல்லூரியை விட்டு வெளியே வந்தார். முதல் ஊர் அலபாமாவின் பர்மிங்ஹாம். இ.சி.எச்.எல். லீகில் ஆறு ஆட்டம். பனி அரிதாகவே பெய்யும் தென்மாநிலத்தில் ஐஸ் ஹாக்கி, நீண்ட பஸ் பயணம், அணி தரும் வீட்டில் தங்கல், வாரச் சம்பளம். பிறகு ஹூஸ்டனில் ஒரே ஓர் ஆட்டம். பிறகு கடல் தாண்டி ஹெல்சிங்கி, எச்.ஐ.எஃப்.கே. அணி. ஒரு பருவத்தில் மூன்று அணி, மூன்று லீக், இரண்டு கண்டம். 1998 வசந்தத்தில் எச்.ஐ.எஃப்.கே. பின்லாந்தின் வாகை சூடியது. அந்நாட்டின் சிறந்த கோல்கீப்பர் விருது இந்தப் புதியவருக்குக் கிடைத்தது.

அதை நம்பி எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி ஒப்பந்தம் போட்டது. ஆனால் அனுப்பியது ஹாமில்டன் நகரிலிருந்த தன் கிளை அணிக்கு. பருவம் முடியுமுன் மறுபடி ஹெல்சிங்கி. அடுத்து டெட்ராய்ட் வைப்பர்ஸ். பிறந்த ஊருக்குப் பக்கத்தில்தான், ஆனால் அது இருந்த ஐ.எச்.எல். லீக் தள்ளாடிக்கொண்டிருந்தது, 2001இல் இழுத்து மூடிவிட்டார்கள். அடுத்து ஸ்டாக்ஹோம், ஏ.ஐ.கே. அடுத்து பின்லாந்தின் வடக்கே ஓவுலு நகரம், குளிர்காலத்தில் சூரியன் சில மணி நேரமே தலைகாட்டுகிற ஊர். ஒவ்வோர் இடத்திலும் புதுத் தடுப்பாட்டக்காரர்கள், புதுப் பயிற்சியாளர். அந்த ஆண்டுகளில் அவரைத் தெரிந்தவர்கள் இலவு காத்த கிளி என்று நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நான் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். தாமஸின் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் இந்த ஆண்டுகளை இரண்டு வரியில் கடந்து, அவர் கோப்பை வென்ற 2011க்குத் தாவிவிடுகிறார்கள். காத்திருந்தான், கடைசியில் கிடைத்தது என்று. அப்படிச் சொன்னால் பர்மிங்ஹாமும் ஓவுலுவும் வெறும் ரயில் நிலையங்களாகிவிடுகின்றன. உண்மையில் அங்கேதான் அவர் வாழ்ந்தார். அங்கேதான் குடும்பம் நடத்தினார். அங்கே டிக்கெட் வாங்கி வந்தவர்கள் அவரை நம்பித்தான் வந்தார்கள். ஹெல்சிங்கி ரசிகனுக்கு 1998ஆம் ஆண்டுக் கோப்பை முழுமையான கோப்பை. அடுத்த எதற்கோ முன்னோட்டம் அல்ல.

அதோடு, அவருடைய ஆட்ட முறையே அந்த அலைச்சலில் விளைந்தது என்று நினைக்கிறேன். அவருடைய காலத்தில் கோல்கீப்பர் கலையை ஆண்டது வண்ணத்துப்பூச்சி முறை. முழங்கால்களை ஒட்டி வைத்துச் சட்டென்று கீழே இறங்க வேண்டும். கால்காப்புகள் இரண்டும் இறக்கை போல் பக்கவாட்டில் விரிந்து வலையின் அடிப்பகுதியை அடைக்கும். மேலே மார்பும் கைகளும் பார்த்துக்கொள்ளும். ருவா அதைப் பரப்பினார். உயரமான, அமைதியான, அளந்து அசைகிற உடம்புகளுக்கு ஏற்ற முறை. பயிற்சிப் பள்ளிகள் ஒரே அச்சில் நூற்றுக்கணக்கானவர்களை வார்த்தெடுத்தன. தாமஸ் ஆறடிக்கும் ஓர் அங்குலம் குறைவு. அவர் வலையை விட்டு வெகுதூரம் முன்னேறி வந்து அடிப்பவனின் கோணத்தைக் குறுக்குவார். ஏமாந்துவிட்டால் பின்னால் பாய்வார், புரள்வார், மல்லாந்து விழுந்த நிலையில் காலைத் தூக்குவார், மட்டையை எறிவது போல் நீட்டுவார். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். இது ஒழுங்கில்லாத ஆட்டம், பெரிய லீகில் செல்லாது என்பது திறன் தேடிகளின் தீர்ப்பு. ஆனால் ஊர் ஊராகப் போய், முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரன் என்ன செய்வான் என்று தெரியாமலே நின்று பழகியவன், வில்லை உள்ளே போகக்கூடாது என்கிற ஒன்றை மட்டும்தான் நம்ப முடியும். எந்த உறுப்பு அதைத் தடுத்தது என்று அவனுக்குக் கவலையில்லை.

2002இல் பாஸ்டன் புரூயின்ஸ் அவரை எடுத்தது. அக்டோபரில், 28 வயதில், முதல் என்.எச்.எல். ஆட்டம். எதிரணி, அவரைக் கிளை அணியோடு நிறுத்தி வைத்திருந்த அதே எட்மன்டன். பாஸ்டன் 4-3 என்று வென்றது. அந்தப் பருவத்தில் கிடைத்தவை நான்கே ஆட்டங்கள். மிச்ச நாளெல்லாம் பிராவிடன்ஸ் நகரிலிருந்த கிளை அணி. அடுத்த ஆண்டும் பிராவிடன்ஸ்.

2004-05 பருவத்தில் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறு முற்றி என்.எச்.எல். ஆண்டு முழுவதும் கதவடைப்பு. தாமஸ் திரும்பவும் ஹெல்சிங்கி, இம்முறை யோகெரிட் அணி. 54 ஆட்டம், அதில் 15 ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை. ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தங்கத் தலைக்கவச விருது அவருக்கு. வயது 31. பின்லாந்திலேயே தங்கிவிட்டால் மதிப்போடு மீதி நாளை ஓட்டியிருக்கலாம். பாஸ்டன் மறுபடி கூப்பிட்டது, வந்தார். வந்தவரைப் பிராவிடன்ஸுக்கு இறக்கினார்கள். அப்படி இறக்கும்போது ஒரு விதி உண்டு: மற்ற எந்த அணி வேண்டுமானாலும் அந்த ஆளைத் தனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். 29 அணிகள் அவர் பெயரைப் பட்டியலில் பார்த்தன. ஒன்றும் எடுக்கவில்லை.

2006 ஜனவரியில் பாஸ்டனின் கோல்கீப்பர்களுக்குக் காயம். தாமஸை மேலே கூப்பிட்டார்கள். கதவு திறந்துவிடுகிறவர் கதவைத் தாண்டி உள்ளே போனார். அதன்பின் சில ஆண்டுகள் அவரை யாராலும் வெளியே எடுக்க முடியவில்லை. 2009இல், 35 வயதில், லீகின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருது. உடனே அடுத்த பருவத்தில் இடுப்பில் வலி. டூக்கா ராஸ்க் என்கிற பின்லாந்து இளைஞர் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டார். 36 வயதில் தாமஸ் மறுபடி நீள்பலகையின் கோடியில். கோடையில் இடுப்பில் அறுவைச் சிகிச்சை. திரும்பி வந்த 2010-11 பருவத்தில் அவரை நோக்கி வந்த அடிகளில் ஆயிரத்துக்கு 938 வீதம் தடுத்தார்; கணக்கு வைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அதுவரை எவரும் ஒரு பருவத்தில் அந்த விகிதத்தை எட்டியதில்லை.

கோப்பைச் சுற்றின் அரையிறுதியில் எதிரே நின்றவர் யார் தெரியுமா? வெர்மான்ட் கல்லூரித் தோழர் மார்டின் சான் லூயி, தாம்பா பே அணியில். எந்த அணியும் ஆள்தேர்வில் எடுக்காதவர். 2004இலேயே கோப்பை வென்றிருந்தவர். ஏழாவது ஆட்டம் 1-0. தாமஸ் ஒன்றும் விடவில்லை.

இறுதிச் சுற்று வான்கூவர் அணியோடு. இரண்டாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. தொடங்கி 11ஆவது நொடியில் தாமஸ் வழக்கம்போல் முன்னேறி வந்தார். அலெக்ஸ் பரோஸ் அவரைச் சுற்றிக்கொண்டு வலைக்குப் பின்னால் போய்த் திறந்த பக்கத்தில் தள்ளிவிட்டார். அத்தனை பேரும் அந்த ஒரு காட்சியை வைத்துப் பேசினார்கள்: இவ்வளவு வெளியே வரலாமா? ஐந்தாவது ஆட்டத்துக்குப் பிறகு எதிரணிக் கோல்கீப்பரும் அதே பொருள்பட ஒரு கருத்துச் சொன்னார். தாமஸ் விட்ட கோலைப் போன்ற ஒன்று, வலையை ஒட்டி நிற்கும் தனக்கு எளிது என்று. தாமஸ் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. அதே இடத்தில் நின்றார், அதே மாதிரி விழுந்தார். ஏழு ஆட்டங்களில் வான்கூவர் அடித்த கோல் மொத்தம் எட்டு. 2011 ஜூன் 15, வான்கூவரிலேயே, ஏழாவது ஆட்டம்: 37 தடுப்பு, 4-0, கோப்பை. கோப்பைச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருது, 37 வயதில். அந்த வயதில் அதை வாங்கியவர் அவருக்கு முன் எவரும் இல்லை.

இதற்குப் பிந்தைய சில ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012 ஜனவரியில் அணி வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டபோது அவர் போகவில்லை. அரசு அளவுமீறி வளர்ந்துவிட்டது என்று காரணம் சொன்னார். ஒரு பருவம் முழுக்க ஆடாமல் இருந்தார். பிறகு ஃபுளோரிடா பேந்தர்ஸ் அணிக்கு வந்தார்.

2013 டிசம்பரில், 39 வயதில், அங்கே தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி. 1959 நவம்பர் 1 அன்று, கிழிந்த முகத்தில் தையல் போட்டுக்கொண்டு கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் முகக்கவசத்தோடு பனிக்குத் திரும்பிய நாளிலிருந்து கோல்கீப்பர்களின் முகம் பிழைத்தது. ஆனால் முகக்கவசம் தோலைக் காக்கும், எலும்பைக் காக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது என்ன செய்யும்? அடிபட்ட மறுநாள் காலை எழுந்தபோது என்ன சாப்பிட வேண்டும் என்று தாமஸால் முடிவெடுக்க முடியவில்லை. எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. ஒரு நாளைத் திட்டமிட முடியவில்லை. அணி ஓர் அட்டவணை தரும்: இத்தனை மணிக்குப் பயிற்சி, இத்தனை மணிக்கு வண்டி, இத்தனை மணிக்கு ஆட்டம். அதைப் பிடித்துக்கொண்டே மீதிப் பருவத்தைக் கடந்தார். இடையில் அவரை டல்லாஸுக்கு மாற்றினார்கள், அங்கேயும் ஆடினார். பர்மிங்ஹாமிலிருந்து பதினாறு ஆண்டுகளாக அட்டவணைப்படி எழுந்து, அட்டவணைப்படி பயணம் செய்து பழகிய உடம்பு, மனம் வழி தவறிய பிறகும் தன்பாட்டுக்கு வலைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறது. நான் எத்தனையோ முறை இதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று பார்வையாளர் இருக்கையில் இருந்தவர்களுக்கு வழக்கம்போல் ஒரு கோல்கீப்பர் நின்றுகொண்டிருந்தார்.

அதன்பின் ஆட்டத்தை விட்டார். ஆளே கண்ணில் படவில்லை. கோபம் என்றார்கள், விசித்திரமானவர் என்றார்கள், அரசியல் என்றார்கள்.

கடைசி வரிசையில் அந்த வில்லையை வைத்திருக்கும் அம்மா, அதை மேசைக்கு அனுப்பிவிடுங்கள், நன்றி.

2019 டிசம்பர் 12 அன்று வாஷிங்டனில், அமெரிக்க ஹாக்கிப் பெருமக்கள் மன்றத்தில் அவரைச் சேர்க்கும் விழா. பல ஆண்டுகளுக்குப் பிறகு செய்தியாளர்கள் முன் வந்தார். அந்த அடிக்கு ஓராண்டு கழித்து எடுத்த மூளைப் படத்தில், மூளையின் மூன்றில் இரண்டு பங்குக்கு ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்த ஓட்டம் இருந்ததாகவும், மீதிப் பங்குக்கு ஏறக்குறைய பாதி அளவே இருந்ததாகவும் சொன்னார். ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் தொடர்ந்து பார்க்கக்கூட மூளையால் முடியவில்லை. அதனால்தான் மனிதர்களை விட்டுக் காட்டுப் பக்கம் ஒதுங்கினார். சில ஆண்டுகள் யாரோடும் பேச இயலவில்லை என்றார். தன் அப்பாவைக்கூடத் தொலைபேசியில் கூப்பிடவில்லை என்றார்.